டப்பாவுக்குள் டப்பா... அதற்குள் என்னப்பா?

பி.காம். படித்தவர்கள் கையைத் தூக்குங்கள். ஆபீஸில் உட்கார்ந்து படிப்பவர்கள் மட்டும் தூக்க வேண்டாம். மேனேஜர் தப்பாகப் புரிந்துகொண்டு ஏதாவது எக்ஸ்ட்ரா வேலை கொடுத்துவிடுவார்.

ஒரு சின்னக் கேள்வி. ட்ரையல் பேலன்ஸ் டாலி ஆகிவிட்டது. கணக்கு சரியா?

'சரி' என்று சொன்னவர்கள் முதல் வருஷ அக்கவுண்டன்ஸி க்ளாஸைக் கட் அடித்துவிட்டு மேட்னி ஷோ போனவர்கள். டெபிட்டும் கிரெடிட்டும் கடைசிப் பைசா வரை பொருந்தி, கணக்கு அப்பட்டமாகத் தப்பாகவும் இருக்கலாம். ஒரு பில்லை எழுதவே மறந்துவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே அளவு குறையும்; டாலி ஆகும். புதுசாக வாங்கின மேஜை நாற்காலியை ரிப்பேர் செலவில் எழுதினாலும் டாலி ஆகும். முன்னது விடுபட்ட பிழை, பின்னது கொள்கைப் பிழை என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருப்பீர்கள். டாலி ஆகாத கணக்கு பரவாயில்லை. ராத்திரி எட்டு மணி வரை டீயும் பஜ்ஜியுமாக உட்கார்ந்து பிடித்துவிடலாம். டாலி ஆன தப்பை யார் தேடுகிறார்கள்?

இது அக்கவுண்டன்ஸி பாடம் இல்லை, பயப்பட வேண்டாம். பைத்தான் பற்றி எழுத உட்கார்ந்தேன். பாம்பு இல்லை, கம்ப்யூட்டர் பாஷை.

பாம்புக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. கைடோ வான் ராஸம் என்கிற நெதர்லாந்துக்காரர் 1989 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆபீஸ் மூடியிருந்ததால் பொழுது போவதற்கு எழுத ஆரம்பித்து, 1991-ல் வெளியிட்டது. அப்போது அவர் பி.பி.சி.யின் 'மான்ட்டி பைத்தான்ஸ் ஃப்ளையிங் சர்க்கஸ்' என்ற காமெடித் தொடரின் ரசிகர். அந்தப் பெயரையே வைத்துவிட்டார். நாமெல்லாம் லீவு நாளில் மத்தியானம் தூங்கி எழுந்து காபி குடிக்கிற ஜாதி.

காமெடிக்குப் பேர் வைத்த பாஷைதான். ஆனாலும் ஸ்கிரீனில் 'டைப்எரர்' என்று வரும்போது யாரும் சிரித்துப் பார்த்ததில்லை. அதுவும் லிஸ்டுக்குள் லிஸ்ட் வைக்க ஆரம்பித்ததும், எக்ஸெல்லிலேயே இருந்திருக்கலாமோ என்று நினைக்காத இளைஞர் இல்லை.

சமையலறைக்குப் போவோம். அஞ்சறைப் பெட்டியை எடுங்கள். (அம்மாவிடமோ மனைவியிடமோ கேட்டுவிட்டு எடுப்பது நல்லது.) அதுதான் லிஸ்ட். வரிசையாகக் கிண்ணங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். முதல் கிண்ணத்தின் நம்பர் பூஜ்யம். ஏன் பூஜ்யத்திலிருந்து எண்ணவேண்டும் என்பதற்கு டைக்ஸ்ட்ரா என்ற கம்ப்யூட்டர் மேதை 1982-ல் கைப்பட ஒரு குறிப்பே எழுதியிருக்கிறார். அபார்ட்மென்டில் கிரவுண்ட் ஃப்ளோரில் குடியிருப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

இப்போது மூன்றாவது கிண்ணத்தில் சீரகத்துக்குப் பதில் இன்னொரு குட்டி அஞ்சறைப் பெட்டியை வையுங்கள். லிஸ்டுக்குள் லிஸ்ட். இது ஒன்றும் புது சமாசாரம் இல்லை. 1958-லேயே ஜான் மெக்கார்த்தி ஆரம்பித்த 'லிஸ்ப்' என்ற பாஷையின் பெயரே லிஸ்ட் பிராஸஸர் என்பதன் சுருக்கம். அதில் அடைப்புக்குறிகளை எண்ணியே கண் கெட்டவர்கள் உண்டு.

அடுத்தது 'டைப்'. கிண்ணத்தில் இருக்கிற சரக்கு என்ன ஜாதி என்பது. 5 என்றால் எண். மேற்கோள் குறிக்குள் '5' என்றால் எழுத்து. என்ன வித்தியாசம் என்கிறீர்களா? ஐந்து ரூபாய்க் காசுக்கும், 'ஐந்து ரூபாய்' என்று எழுதின துண்டுச் சீட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான். பஸ் கண்டக்டரிடம் சீட்டை நீட்டிப் பாருங்கள், அவர் சொல்வதற்குப் பெயர் டைப்எரர்.

லிஸ்டும் ஒரு டைப். பெட்டி வேறு, பெட்டியில் இருக்கும் கடுகு வேறு. இதை இங்கே ஒரு தரம் சொல்லிவிடுகிறேன். லிஸ்டுக்குள் லிஸ்டில் வருகிற டைப்எரரில் பெரும்பாலானவை, கையில் இருப்பது பெட்டியா கடுகா என்று பார்க்காததால் வருபவை.

(கம்ப்யூட்டரில் அடிக்கிறபோது இங்கிலீஷில் அடித்துக்கொள்ளுங்கள். இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கம்பாசிட்டர் காலத்துப் பழக்கம்.)

என் மச்சினன் விஷயத்துக்கு வருகிறேன். திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறான். கம்பெனி பேர் வேண்டாம். சுறுசுறுப்பான பையன். பைத்தான் தானாகவே படித்துக்கொண்டு, வாராவாரம் ஓவர்டைம் கணக்குப் போட ஒரு புரோகிராம் எழுதினான். அதற்கு முன்னால் அந்த வேலைக்கு ஒரு ஆள், ஒரு கால்குலேட்டர், ஒரு முழுச் சனிக்கிழமை தேவைப்பட்டது. இவன் வந்து மூன்று நிமிஷத்தில் முடித்தான். முதலாளி கூப்பிட்டுத் தோளில் தட்டினாராம். சம்பளத்தில் தட்டவில்லை என்பது வேறு விஷயம்.

அங்கே வாரம் சனிக்கிழமை ஆரம்பித்து வெள்ளிக்கிழமை முடியும், ஞாயிறு லீவு. ஆக ஆறு நாள். பஞ்ச்சிங் மெஷினிலிருந்து ஒவ்வொரு டோக்கன் நம்பருக்கும் அந்த ஆறு நாளின் ஓவர்டைம் மணியை எடுத்து இப்படி ஒரு லிஸ்ட் செய்திருந்தான்:

[146, [2, 0, 1, 1, 0, 2]]

வெளி லிஸ்டில் பூஜ்யம் நம்பர் கிண்ணத்தில் டோக்கன், ஒன்றாம் நம்பர் கிண்ணத்தில் உள் லிஸ்ட். உள்ளே இருப்பதை 'ஸம்' என்கிற கட்டளையால் கூட்டினால் 6 மணி. மணிக்கு 62.50 என்று பெருக்கினால் 375 ரூபாய். சனிக்கிழமை சாயங்காலம் கவர் ரெடி. பல வாரம் அழகாக ஓடியது.

அப்புறம் ஒரு வாரம் ஷிப்மென்ட் அவசரம். சில பேரைக் காலையில் ரெண்டு மணி முன்னாடியே வரச்சொல்லி, ராத்திரியும் மூன்று மணி நேரம் நிறுத்திக்கொண்டார்கள். பஞ்ச்சிங் மெஷின் அந்த நாளுக்கு இரண்டு கணக்கு அனுப்பியது. ஒரே நாளுக்கு இரண்டு வந்தால் அதையும் ஒரு லிஸ்டாகப் போட்டுவிடு என்று மச்சினன் எழுதி வைத்திருந்தான். ஆகவே:

[147, [2, 0, [2, 3], 1, 0, 2]]

சனிக்கிழமை சாயங்காலம் நாலரை மணி. ஆறு மணிக்குக் கவர் கொடுக்கவேண்டும். புரோகிராமை ஓட்டினான். நின்றுவிட்டது.

'டைப்எரர்: அன்சப்போர்ட்டட் ஆபரண்ட் டைப்ஸ் ஃபார் +: இன்ட் அண்ட் லிஸ்ட்.'

இந்த வரியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கலாம். எரர் வந்தால் பத்து வரி சிவப்பாகக் கொட்டும். மேலேயிருந்து படிப்பவர்கள் மூன்றாவது வரியில் பிபி ஏறி, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். கடைசி வரியிலிருந்து படிக்கவேண்டும். பைத்தான் அங்கேதான் விஷயத்தைச் சொல்கிறது. 'ஸார், கூட்டல் போடச் சொன்னீங்க. இடது கையில் ஒரு எண் இருக்கு. வலது கையில் ஒரு பெட்டி இருக்கு. எண்ணோட பெட்டியை எப்படிக் கூட்டறது?' நியாயமான கேள்வி. ஸம் பூஜ்யத்தில் ஆரம்பிக்கும். 2-ஐக் கூட்டியது, 2. பூஜ்யத்தைக் கூட்டியது, 2. அடுத்து செவ்வாய்க்கிழமை. கையில் வந்தது [2, 3]. நின்றுவிட்டது. இதைவிட யோக்கியமாக ஒரு குமாஸ்தா நடந்துகொள்ள முடியாது.

ஆனால் மணி நாலே முக்கால். முதலாளி எட்டிப் பார்த்து "ஆச்சா?" என்கிறார். மச்சினன் என்ன செய்தான்? எங்கேயோ பார்த்து வைத்திருந்த 'ட்ரை... எக்ஸெப்ட்... கன்டின்யூ' என்கிற மந்திரத்தைப் போட்டான். அர்த்தம்: 'முயற்சி பண்ணு. முடியலைன்னா சத்தம் போடாம அடுத்த ஆளுக்குப் போ.'

போய்விட்டது. சிவப்பு எழுத்து ஒன்றுகூட இல்லை. லிஸ்ட் பிரின்ட் ஆனது. அடியில் மொத்தம். லிஸ்டில் உள்ள தொகைகளைக் கூட்டினால் அந்த மொத்தம் கச்சிதமாக வந்தது. முதலாளி கையெழுத்துப் போட்டார். டாலி!

அந்த வாரம் ஓவர்டைம் பார்த்தவர்கள் 64 பேர். லிஸ்டில் வந்தவர்கள் 55. விடுபட்ட ஒன்பது பேர் யார் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். காலையிலும் வந்து, ராத்திரியும் நின்றவர்கள். அந்த வாரம் அங்கே அதிகமாக உழைத்த ஒன்பது பேருக்கு ஓவர்டைம் சைபர்.

எட்டுப் பேர் 'திங்கக்கிழமை கேட்டுக்கலாம்' என்று போய்விட்டார்கள். கேட்பார்களா, மாட்டார்களா என்பது வேறு கதை. செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிற டோக்கன் 147 மட்டும் போகவில்லை. பர்ஸிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தாராம். காலண்டர் பேப்பரை மடித்துத் தைத்த நோட்டு.

"ஏனுங்க தம்பி, செவ்வாக்கெழம விடியால ரெண்டு மணி, ராவுல மூணு மணி. இந்தா எழுதியிருக்கறன் பாருங்க. மொத்தம் பத்து மணி வருதுங்க. உங்க கம்ப்யூட்டர்ல என்னுங்க இருக்குது?"

கம்ப்யூட்டரில் ஒன்றும் இல்லை. அந்த அம்மாவின் பேரே லிஸ்டில் இல்லை. பத்து மணி, 62.50 வீதம் 625 ரூபாய். அவருடைய கணக்கு ரைட். லேப்டாப் தப்பு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை மச்சினன் லேப்டாப்போடு எங்கள் வீட்டில் ஆஜர். அக்கா போட்ட இட்லியைத் தொடவில்லை. அதிலிருந்தே விஷயம் பெரிசு என்று தெரிந்தது.

"மாமா, புரோகிராம் நல்லாத்தானுங்க ஓடுச்சு. ஒரு எரர்கூட வரலைங்க."

"வர்றதுக்கு விட்டாத்தானே வரும் மாப்ளே? நீதான் அது வாயில துணிய அடைச்சுட்டியே."

"டைம் இல்லீங்க மாமா. முதலாளி வாசல்லயே நிக்கறாருங்க..."

டைம் இல்லை என்பது வாஸ்தவம். அவனைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. கொஞ்சம் எழுதிப் பழகினவர்களே பதற்றத்தில் இந்த மந்திரத்தைப் போடுகிறார்கள். எக்ஸெப்டுக்குள் குறைந்தபட்சம் எந்த டோக்கன் தகராறு செய்தது என்று ஒரு வரி பிரின்ட் செய்திருந்தால்கூட, ஆறு மணிக்குள் அந்த ஒன்பது பேரையும் கையால் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கலாம்.

ரிப்பேருக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, கூட்டுவதற்கு முன் 'இது லிஸ்டா?' என்று கேட்பது. பைத்தானில் 'ஈஸ்இன்ஸ்டன்ஸ்' என்று ஒரு கட்டளை உண்டு. லிஸ்டாக இருந்தால் உள்ளே போய்க் கூட்டு, எண்ணாக இருந்தால் நேராகக் கூட்டு. வேலை நடக்கும். மச்சினனுக்கு இதுதான் பிடித்தது, ரெண்டு வரிதான். ஆனால் இந்தக் கேள்வியைக் கூட்டுகிற இடத்தில் கேட்டால், பிரின்ட் செய்கிற இடத்தில் கேட்கவேண்டும், மாதாந்திர ரிப்போர்ட்டில் கேட்கவேண்டும். எங்காவது ஒரு இடத்தில் மறந்துபோனால் மறுபடி சனிக்கிழமை நாலரை மணி.

எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. தகராறுக்குக் காரணம் கூட்டல் இல்லை. ஒரு நாள் என்பது சில சமயம் எண்ணாகவும், சில சமயம் பெட்டியாகவும் இருப்பதுதான் காரணம். ஒரு நாள் என்றால் எப்போதும் பெட்டி என்று வைத்துவிடலாமே? ஒரு தடவை வந்திருந்தால் பெட்டியில் ஒரு எண். இரண்டு தடவை வந்திருந்தால் இரண்டு. வரவே இல்லையா, காலிப் பெட்டி:

[147, [[2], [], [2, 3], [1], [], [2]]]

காலிப் பெட்டியைக் கூட்டினால் பைத்தான் சமர்த்தாகப் பூஜ்யம் என்கிறது, எரர் இல்லை. ஒவ்வொரு நாளையும் ஒரு தடவை கூட்டி, வந்ததை மறுபடி கூட்டினால் பத்து. விசேஷக் கேள்வி எதுவும் தேவையில்லை. ஒரு மாடியில் இருக்கிறவர்கள் எல்லாரும் ஒரே ஜாதிச் சரக்காக இருந்தால் பாதித் தலைவலி குறைகிறது. (சரக்கைத்தான் சொல்கிறேன். மனிதர்களைப் பற்றி யாரும் லெட்டர் போடவேண்டாம்.)

மற்ற எரர்களையும் பார்த்துவிடலாம். நீங்களும் சந்திக்கப் போகிறவைதான்.

'இன்ட் ஆப்ஜெக்ட் இஸ் நாட் சப்ஸ்கிரிப்டபிள்.' ஒரு மாடி அதிகமாக இறங்கிவிட்டீர்கள். கடுகைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் ஒன்றாம் நம்பர் கிண்ணத்தைத் திற என்கிறீர்கள். ஒரு ஜோடி சதுர அடைப்புக்குறியை எடுத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகும்.

'லிஸ்ட் இண்டிஸஸ் மஸ்ட் பி இன்டிஜர்ஸ் ஆர் ஸ்லைஸஸ், நாட் லிஸ்ட்.' பழைய பேஸிக் படித்துவிட்டு வந்தவர்களுக்கென்றே ஸ்பெஷலாக வருவது. அங்கே 'ஃபார்' போட்டால் 1, 2, 3 என்று நம்பர் வரும். பைத்தானில் 'ஃபார்' போட்டால் ஆளே நேரில் வந்து நிற்பார். வந்து நிற்கிற ஆளையே மறுபடி ரோல் நம்பர் மாதிரி லிஸ்டில் தேடினால் என்ன ஆகும்? இதற்கு ஒரு நாட்டு வைத்தியம் உண்டு. பெரிய லிஸ்டுக்குப் 'ஆட்கள்' என்று பன்மையில் பேர் வையுங்கள், ஒவ்வொன்றாக வருவதற்கு 'ஆள்' என்று ஒருமையில் வையுங்கள். 'ஆட்கள்[ஆள்]' என்று எழுதும்போது கையே நின்றுவிடும். இன்னும் நல்லது, வரும்போதே 'டோக்கன், நாட்கள்' என்று இரண்டு பேராகப் பிரித்து வாங்கிக்கொள்வது. பூஜ்யமா ஒன்றா என்று எண்ணுகிற வேலையே இல்லை.

அதே எரர், கடைசியில் 'நாட் ட்யூப்பிள்' என்று முடிந்தால் ஒரு கமாவைத் தேடுங்கள். [[1, 2] [3, 4]] என்று நடுவில் கமா போடாமல் விட்டால், 'முதல் லிஸ்டில் 3, 4-வது கிண்ணத்தைத் திற' என்று பைத்தான் அர்த்தம் பண்ணிக்கொள்கிறது. 2019-ல் வந்த 3.8 பதிப்பிலிருந்து 'கமா விட்டுட்டீங்களோ?' என்று ஒரு எச்சரிக்கையும் சேர்த்துத் தருகிறது. இவ்வளவு அனுசரணையாக எங்கள் ஏரியா பேங்க் கவுன்ட்டரில்கூடக் கேட்டதில்லை.

'நன்டைப்' என்று வந்தால் கையில் ஒன்றுமே இல்லை என்று அர்த்தம். இதற்கு வழக்கமான குற்றவாளி 'சார்ட்'. லிஸ்டை வரிசைப்படுத்தச் சொன்னால், இருந்த இடத்திலேயே அடுக்கிவிட்டு வெறுங்கையோடு திரும்பும். அது கொண்டுவந்ததை அதே பேரில் வாங்கிப் போட்டுக்கொண்டால், இருந்த லிஸ்டும் போச்சு. 'அப்பெண்ட்'டும் இதே ரகம். அடுக்கினதைத் தனி லிஸ்டாகக் கையில் வாங்கவேண்டுமென்றால் 'சார்ட்டட்' என்று கேட்கவேண்டும்.

எந்த மாடியில் தகராறு என்று தெரியவில்லையா? ஒவ்வொரு மாடியாக இறங்கி, 'டைப்' என்கிற கட்டளையால் கையில் இருப்பதன் ஜாதியைப் பிரின்ட் செய்து பாருங்கள். 2022-ல் வந்த 3.11 பதிப்போ அதற்குப் பிறகு வந்ததோ வைத்திருந்தால், மூன்று ஜோடி அடைப்புக்குறியில் எந்த ஜோடியில் கால் இடறியது என்று அடியில் கூரைக்குறி போட்டே காட்டிவிடும். ஆபீஸில் பழைய பதிப்பு ஓடிக்கொண்டிருந்தால் ஸிஸ்டம்ஸ் டிபார்ட்மென்ட் ஆளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் சத்தம் போடுகிற ரகம். சத்தம் போடாத ரகத்துக்கு ஒரு பரிசோதனை, வீட்டில் செய்து பாருங்கள். எக்ஸெல்லிலிருந்து 'ஸி.எஸ்.வி.'யாக ஃபைலை எடுத்து, பைத்தானுடைய ஸி.எஸ்.வி. ரீடரால் சாதாரணமாகப் படித்தால், எண்கள் எல்லாம் எழுத்தாகத்தான் வரும். 2 மணி நேரம் என்பது '2' என்று துண்டுச் சீட்டாக வந்து உட்காரும். மணிக்கு 60 ரூபாய் என்று பெருக்குங்கள். 120 வராது. 2222222 என்று அறுபது ரெண்டு வரிசையாக வரும்! எழுத்தை எண்ணால் பெருக்கினால் 'அத்தனை தடவை எழுது' என்று பைத்தானுக்கு அர்த்தம். எரர் கிடையாது. இம்போசிஷன் எழுதின பள்ளிக்கூட ஞாபகம்தான் வரும். அதே ரேட்டை 62.50 ஆக்கிப் பாருங்கள், உடனே டைப்எரர். அறுபத்திரண்டரை தடவை எப்படி எழுதுவது? ரேட்டில் பைசா சேர்ந்த அன்றைக்குத்தான் குட்டு வெளிப்படும்.

அறுபது ரெண்டு வந்தால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். '9', '12' இரண்டும் எழுத்தாக இருக்கும்போது எது பெரிசு என்று கேட்டுப் பாருங்கள். '9' என்று கூசாமல் சொல்லும், டெலிபோன் டைரக்டரி வரிசைதான். அதிகம் உழைத்தவருக்குப் பரிசு என்று கம்பெனி அறிவித்திருந்தால், 12 மணி உழைத்தவருக்கு டாட்டா. பழைய பைத்தான் 2 இன்னும் மோசம். எழுத்தையும் எண்ணையும் கொடுத்து எது பெரிசு என்றால், முகத்தைச் சுளிக்காமல் எழுத்துதான் என்று சொல்லிவந்தது. 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3 அந்த இடத்தில் டைப்எரர் கொடுக்க ஆரம்பித்தது. பழைய புரோகிராம்களெல்லாம் நின்றுபோகிறதே என்று அலுத்துக்கொண்டவர்கள் உண்டு. நான் அந்த விஷயத்தில் பைத்தான் 3 கட்சி.

சத்தம் போடாமல் சரக்கின் ஜாதியை மாற்றுவதில் எக்ஸெல்லும் லேசுப்பட்டதில்லை. வீட்டு நம்பர் 3/4 என்று அடித்தால் தேதியாக்கிவிடுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். இது வீட்டு நம்பரோடு போகவில்லை. மனித ஜீன்களில் சிலவற்றுக்கு மார்ச்1, ஸெப்ட்1 என்றெல்லாம் சுருக்கப் பெயர் இருந்தது. எக்ஸெல் அவற்றையும் தேதி என்று நினைத்து மாற்றிவிட்டது. 2016-ல் ஆராய்ச்சிக் கட்டுரைகளைச் சலித்துப் பார்த்தார்கள். எக்ஸெல்லில் ஜீன் பட்டியலை இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்த மாதிரித் தப்பு. கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? எக்ஸெல்லோடு மல்லுக்கட்டி ஓய்ந்துபோய், பெயர் வைக்கும் கமிட்டி 2020-ல் ஜீன்களின் பெயரையே மாற்றிவிட்டது. மார்ச்1 இப்போது மார்ச்எஃப்1. ஸெப்ட்1 இப்போது ஸெப்டின்1.

பைத்தானில் அந்த அளவுக்குப் போகவேண்டியதில்லை. ஃபைலைப் படிக்கிற வாசலிலேயே எண்ணாக வேண்டியதை எண்ணாக்கி உள்ளே விட்டால் போதும். அப்போது ஒரு கட்டத்தில் '-' என்றோ 'லீவு' என்றோ இருந்தால் 'வேல்யூஎரர்' வரும். வரட்டும். வாசலில் வருகிற சண்டை நல்லது, எந்த வரி, எந்த ஆள் என்று அங்கேயே பிடித்துவிடலாம். நடு வீட்டுக்குள் வந்தபிறகு பிடிப்பது கஷ்டம். புரோகிராமில் 'இது லிஸ்ட், அதற்குள் லிஸ்ட், அதற்குள் எண்' என்று குறிப்பு எழுதிவைக்கவும் வசதி இருக்கிறது. ஆனால் ஓடும்போது அந்தக் குறிப்பைப் பைத்தான் கண்டுகொள்ளாது. 'மைபை' என்று தனியாக ஒரு ஸாஃப்ட்வேர் இருக்கிறது, அதுதான் குறிப்பையும் கோடையும் ஒப்பிட்டு முன்கூட்டியே தப்பைச் சொல்லும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சினன் எல்லாவற்றையும் மாற்றி எழுதினான். ஆறின இட்லியையும் சாப்பிட்டான். ட்ரை, எக்ஸெப்ட், கன்டின்யூ மூன்றையும் எடுத்தாகிவிட்டது. அதற்குப் பதிலாக, பஞ்ச்சிங் மெஷின் கொடுத்த ஃபைலில் எத்தனை டோக்கன், மொத்தம் எத்தனை மணி என்று தனியாக எண்ணி, பிரின்ட் ஆகிற லிஸ்டோடு ஒப்பிடச் சொன்னேன். லிஸ்டை லிஸ்டோடேயே ஒப்பிட்டால் என்றைக்கும் டாலிதான். 64-க்கு 55 என்று வந்தால் பிரின்ட்டே ஆகக்கூடாது.

"சனிக்கிழமை சாயங்காலம் நின்னு போச்சுன்னா என்னங்க மாமா பண்றது? முதலாளி சத்தம் போடுவாருங்க."

"போடட்டும் மாப்ளே. அவர் சத்தம் காதோட போயிரும்."

திங்கட்கிழமை ஒன்பது கவர் தனியாகப் போட்டுக் கொடுத்தார்கள். முதலாளி ஒன்றும் சொல்லவில்லையாம், மச்சினனை ஒரு பார்வை மட்டும் பார்த்தாராம். டோக்கன் 147 கவரைப் பிரித்து, 625 ரூபாயை இரண்டு தடவை எண்ணி, பர்ஸிலிருந்து நோட்டை எடுத்து, மச்சினனின் பேனாவையே இரவல் வாங்கிச் செவ்வாய்க்கிழமைக்கு நேராக டிக் அடித்தார். புதுப் பக்கத்தில் அந்த வாரத்துக் கிழமைகளை எழுதி முடித்த பிறகுதான் பேனா திரும்பி வந்ததாம்.